பழ ஆலை முதலாளியின் தங்கை

பிறர் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். சாஃப்ட்வேர் டெஸ்டிங். நாலு பேர் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய புரோகிராமை வாங்கி, எங்கே உடையும் என்று தட்டிப் பார்த்து, உடைந்ததும் உள்ளுக்குள் குஷியாகி, வெளியே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ரிப்போர்ட் எழுதுவேன். இந்தப் புத்தி ஆபீசோடு நிற்பதில்லை. ஓட்டல் மெனு, கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் என்று எதைக் கையில் எடுத்தாலும் தப்புதான் முதலில் கண்ணில் படும். எல் கமினோ சாலையில் நாங்கள் வழக்கமாகப் போகும் டிபன் கடையில் ஒரே சட்னிக்கு இரண்டு பெயர் போட்டிருப்பதை முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் மனைவி தண்ணீர் டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "உங்ககூட வெளிய வந்தா மானமே போகுதுங்க மாமா" என்றாள் காரில்.

அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் இந்தப் பள்ளத்தாக்கின் பழைய தொழில் வரலாற்றுக்குள் நான் மூக்கை நுழைத்தது, எனக்கு லே ஆஃப் ஆன வருடத்தில். சன்னிவேலில் எங்கள் டவுன்ஹவுஸ் வரிசைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் மாற்றுவதற்காகத் தோண்டினார்கள். இரண்டடிக்குக் கீழே மண்ணே இல்லை. கறுத்துப்போன கொட்டைகள் ஒரு முழக் கனத்துக்குப் படிந்து கிடந்தன. ஒரு கை அள்ளிப் பார்த்தேன். ஏப்ரிகாட் கொட்டை. இந்தப் பக்கம் எங்கே தோண்டினாலும் இப்படித்தான் என்றார் குழாய் வேலைக்காரர். வேலை தேடும் மனிதனுக்குக் காலை பத்து மணிக்கு மேல் செய்ய ஒன்றும் இருக்காது. நான் அந்தக் கொட்டைகளைப் பற்றி விசாரிக்கக் கிளம்பினேன்.

ஊரில் ஒரு பூங்காவுக்குள் பழைய மரவீடு ஒன்று இருக்கிறது. அதன் பின்னறையில் உள்ளூர் வரலாற்றில் ஆர்வமுள்ள சிலர் வியாழக்கிழமைதோறும் கூடுவார்கள். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், எல்லோரும் வெள்ளைக்காரர்கள், எல்லோரும் இனிப்பு கொண்டுவருவார்கள். முதல் நாள் நான் நுழைந்தபோது கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க வந்தவன் என்று நினைத்துக்கொண்டார்கள். பிரின்டர் உண்மையிலேயே ரிப்பேராகத்தான் இருந்தது. அதைச் சரிசெய்து கொடுத்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

சிப்பும் சாஃப்ட்வேரும் வருவதற்கு முன்னால் இது பழப் பள்ளத்தாக்கு. குடியேறி வந்தவர்கள் முதலில் கோதுமை போட்டிருக்கிறார்கள். பிறகு ப்ரூன், ஏப்ரிகாட், செர்ரி. பழத்தில் ஒரு தொல்லை உண்டு. எல்லா மரமும் ஒரே நேரத்தில் பழுக்கும். பறித்ததை நாலைந்து நாளுக்குள் என்ன செய்வது என்று தெரியாவிட்டால் குப்பைதான். அதனால் தோட்டத்துக்குள்ளேயே கொட்டகை போட்டு, பெண்கள் உட்கார்ந்து ஏப்ரிகாட்டை இரண்டாகப் பிளந்து மரத்தட்டில் அடுக்க, கந்தகப் புகை காட்டி, வெயிலில் காயவைத்தார்கள். அடுத்த கட்டம் டின். தகரத்தை வெட்டி, வளைத்து, ஈயம் பற்றவைத்து, பழத்தைப் போட்டு, மூடியில் ஒரு சிறு துளை விட்டு, கொதிக்கவைத்து, ஆவி போனதும் துளையையும் பற்றவைத்து மூடுவது. ஒவ்வொரு டின்னும் கையால். பற்றவைத்தவர்களில் நிறையப் பேர் சீனர்கள். எந்தப் பட்டியலைப் புரட்டினாலும் அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குக் கிடைக்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது தீ இன்சூரன்ஸ்காரர்கள் வரைந்த பழைய வரைபடங்கள். ஊரில் உள்ள ஒவ்வொரு கட்டடத்தையும் ஆள் அனுப்பி அளந்திருக்கிறார்கள். செங்கல் என்றால் இளஞ்சிவப்பு, மரம் என்றால் மஞ்சள். பாய்லர் எங்கே, இரவுக் காவலாளி உண்டா, தண்ணீர்ப் பீப்பாய் எத்தனை எல்லாம் சின்ன எழுத்தில் இருக்கும். எங்கே தீப்பிடிக்கும் என்று தேடித் தேடி எழுதிய அந்த முகம் தெரியாத மனிதர் என் ஆள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அவர் கூடவே நடந்தேன். எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் இடத்தில் மஞ்சளில் ஒரு நீளக் கட்டடம், அதன் முனையில் இளஞ்சிவப்பில் ஒரு பாய்லர் அறை, பக்கத்தில் ரயில் பாதையிலிருந்து பிரிந்து வரும் ஒரு தண்டவாளம். பள்ளத்தாக்கின் இந்த மூலையில் முதல் பழ ஆலை அதுதான். கொட்டைகளை பாய்லரில் எரித்து, மிச்சத்தைப் பின்னால் கொட்டியிருக்கிறார்கள். அதன் மேல்தான் நான் இத்தனை வருடமாகக் காரை நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆலைக்கு ஒரு தகவல் பலகை வைக்க நகராட்சி ஒத்துக்கொண்டபோது, வாசகம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். ஆலையின் கதை ஏற்கெனவே ஒரு பழைய உள்ளூர்ப் புத்தகத்தில் அச்சாகியிருந்தது. தோட்டக்காரர் ஒருவர் தன் நிலத்தில் ஆலையை ஆரம்பித்தார், வயதானதும் திறமையான ஒரு தகர வேலைக்கார இளைஞருக்கு விற்றார், அந்த இளைஞர் ஆலையைப் பெரிதாக்கினார், பின்னால் முதலாளியின் மகளையே மணந்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சினிமா மாதிரி இருந்ததாலேயே எனக்குக் கை அரித்தது.

ஆலையின் படம் உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அது அந்தத் தகர வேலைக்காரரின் பேத்தியிடம். எண்பத்தெட்டு வயது. அவரும் வியாழக்கிழமைகளில் வருவார். சன்னலோர நாற்காலியில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து, மற்றவர்கள் பேசுவதையெல்லாம் திருத்திக்கொண்டிருப்பார். அந்தத் தெரு அப்போது அங்கே இல்லை, அது ப்ரூன் மரம் இல்லை செர்ரி மரம், இப்படி. எனக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. என்னை அவர் "கண்ணாடிக்காரர்" என்று கூப்பிடுவார், பூதக்கண்ணாடியைச் சொல்லி. அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். என் காதில் விழுந்தபடி தமிழில் எழுதுகிறேன். பலகையில் படம் வர வேண்டுமென்றால் வாசகத்தைப் படித்துப் பார்த்து அவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஏற்பாடு. கையெழுத்து இல்லையென்றால் படம் இல்லை, படம் இல்லாத பலகையை நகராட்சி வைக்காது.

முதலில் விற்பனைப் பத்திரத்தைத் தேடினேன். சான் ஹோசே பதிவு அலுவலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். விற்பனை என்று ஒன்றும் இல்லை. இருந்தது தானப் பத்திரம். அன்பின் பொருட்டும் பாசத்தின் பொருட்டும் நிலத்தையும் ஆலையையும் இன்னாருக்குக் கொடுக்கிறேன் என்று முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். சரி, வருங்கால மாப்பிள்ளை, கொடுத்திருப்பார் என்று நினைக்கலாம். ஆனால் சர்ச் பதிவேட்டில் கல்யாணம் நடந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. பத்திரம் எழுதியபோது அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயதுகூட ஆகவில்லை. வேலைக்கு வந்த தகரக்காரப் பையனுக்கு யாராவது பாசத்துக்காக ஆலையைத் தூக்கிக் கொடுப்பார்களா? உடுமலைப்பேட்டைப் பக்கம் பிறந்த எனக்கு இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சொத்து வெளியே போகவில்லை, அவ்வளவுதான். அந்தப் பையன் சொந்தக்காரன்.

ஆனால் எப்படிச் சொந்தம்? குடும்பப் பெயர் வேறு. பழைய புத்தகத்தின் கடைசியில் அந்தக் குடும்பத்தின் வம்ச வரைபடம் ஒரு பக்கத்துக்கு இருந்தது. சன்னலோர அம்மாவின் தாயார் கையால் வரைந்து கொடுத்தது, அழகான எழுத்து. தகரக்காரரின் தாயார் பெயர் அதில் இருந்தது. அந்தத் தாயாருக்கு அப்பா, அம்மா என்று ஒரு தம்பதியின் பெயரும் இருந்தது. அந்தத் தம்பதியைத் தேடினேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இல்லை. நிலப் பதிவில் இல்லை. சர்ச்சில் இல்லை. அந்தக் குடும்பப் பெயரில் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு கல்லறைகூட இல்லை. வியாழக்கிழமைக் குழுவினர் பழைய காகிதங்கள் எவ்வளவோ எரிந்துபோயின, விட்டுவிடுங்கள் என்றார்கள். நான் வரைபடத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்த இரண்டு பெயரும் மற்ற பெயர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு எழுதப்பட்டிருப்பதாகப் பட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வேலையை நான் செய்திருக்கிறேன்.

என் மனைவி என் சொந்த அத்தை மகள். அப்பாவின் கூடப்பிறந்த தங்கையின் பெண். எங்கள் பக்கத்தில் இது ஒரு செய்தியே இல்லை. அவள் பிறந்தபோதே யார் வீட்டுக்குப் போவாள் என்று ஊருக்கே தெரியும், அவள் என்னை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தது பேச்சு வந்த நாளிலிருந்து. அமெரிக்கா வந்து, அவள் முதல் முறை கர்ப்பமாக இருந்தபோது, ஆஸ்பத்திரியில் ஒரு பெண் எங்களை உட்காரவைத்துக் குடும்ப விவரமெல்லாம் கேட்டு ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாக வரைந்துகொண்டே வந்தாள். நீங்கள் இருவரும் ரத்த சம்பந்தமா என்று கேட்டாள். என் மனைவி சிரித்துக்கொண்டே ஆமாம் என்றாள். பேனா நின்றது. பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு, அதன் கீழேயே இன்னொரு கோடும் போட்டாள். அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். இழவு வீட்டில் பேசுகிற குரல் அது. கூடுதலாக டெஸ்டுகள் எடுத்தார்கள். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் குரலை எங்களால் மறக்க முடியவில்லை. எனக்கு வந்தது கோபம், அவளுக்கு வந்தது அவமானம். அன்றிலிருந்து நீங்கள் எப்படிச் சந்தித்தீர்கள் என்று யார் கேட்டாலும், ஃபேமிலி ஃப்ரெண்ட்ஸ் என்று ஒரே குரலில் சொல்லப் பழகிக்கொண்டோம்.

மகளுக்கு ஒன்பது வயதானபோது பள்ளியில் வம்ச மரம் வரையச் சொன்னார்கள். அச்சடித்த தாள். மேலே அவள், அடுத்து நாங்கள் இருவர், அடுத்து தாத்தா பாட்டிகளுக்கு நாலு பெட்டி, கீழே கொள்ளுத் தாத்தா பாட்டிகளுக்கு எட்டுப் பெட்டி. எங்களிடம் ஆறு பேர்தான் இருந்தார்கள். என் அப்பாவும் என் மனைவியின் அம்மாவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்றால் ஆறுதானே வரும். தாள் வகுப்பறைச் சுவரில் ஒட்டப்படும் என்று எழுதியிருந்தது. நானும் மனைவியும் சமையலறையில் குசுகுசுவென்று பேசி, காலியாக நின்ற இரண்டு பெட்டிகளில் என் சின்னத் தாத்தா பெயரையும் சின்னப் பாட்டி பெயரையும் எழுதும்படி மகளிடம் சொன்னோம். அவள் எழுதினாள். கலர் பென்சிலால் இலையெல்லாம் வரைந்தாள். என் அப்பா அவள் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார், அதனால் அண்ணன் தங்கை இருவரையும் சேர்த்து அவள் பார்த்ததே இல்லை. ஊருக்குப் போனால் அங்கே எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறை. அவளுக்குத் தெரிய வாய்ப்பில்லை என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம்.

ஆக, எனக்கு இப்போது எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. இல்லாத தம்பதியை விட்டுவிட்டு, தகரக்காரரின் தாயார் செத்த செய்தியைத் தேடினேன். பழைய உள்ளூர்ப் பத்திரிகைகள் மைக்ரோஃபிலிமில் இருந்தன. ஒரு வாரம் சக்கரத்தைச் சுற்றினேன். ஒரு மதியம் நாலே வரியில் அகப்பட்டது. இன்னார் காலமானார், பழ ஆலை முதலாளியின் தங்கை, வெகுநாளாக உடல்நலமில்லாமல் இருந்தவர். அவ்வளவுதான். தங்கை மகனுக்கு ஆலையைக் கொடுத்து, மகளையும் கொடுத்திருக்கிறார். அறையில் யாரும் இல்லாததால் நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு குத்துக்கூட விட்டேன் காற்றில். அப்பேர்ப்பட்ட சந்தோஷம்.

வீட்டில் சொன்னேன். மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அத எழுதப் போறீங்களா?"

"பின்ன? ஹிஸ்டரின்னா உள்ளத உள்ளபடி எழுதணும்."

"போர்டுல போடுவீங்களா? ரோட்டுல போறவன் வர்றவன் பூரா படிக்கறதுக்கு?"

"அதிலென்ன தப்பு? ஆலை ஏன் கைமாறுச்சுங்கறதுக்கு அதுதானே காரணம்?"

"தப்பில்லீங்க மாமா. தப்பேயில்ல." கீரைக் காம்பை ஓர் ஒடி ஒடித்தாள். "நம்ம புள்ள பேப்பர்ல சின்னத் தாத்தா பேரை எழுதச் சொன்ன மகராசன் யாருன்னு மட்டும் சொல்லுங்க."

"நீதான் ஐடியா குடுத்த."

"ஸ்பெல்லிங் சொன்னது நீங்க."

எழுந்து போய் வாசகத்தை டைப் செய்தேன். முதலாளி ஆலையைத் தன் தங்கை மகனுக்குக் கொடுத்தார், அவர் பின்னர் மாமன் மகளை மணந்தார், ஆலை இரண்டு தலைமுறை அந்தக் குடும்பத்திலேயே இருந்தது. ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம். எந்த அலங்காரமும் இல்லை. நன்றாக இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை மற்றவர்கள் கிளம்பிய பிறகு சன்னலோர அம்மாவிடம் தாளையும் அனுமதிப் படிவத்தையும் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார். இரண்டாவது பத்தியில் நின்றார். திரும்ப மேலேயிருந்து படித்தார். பிறகு தாளை மேசையில் வைத்து, உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"யார் சொன்னார்கள்?"

யாரும் சொல்லவில்லை என்றேன். தானப் பத்திரம், சர்ச் தேதி, பத்திரிகையின் நாலு வரி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது. என் குரலில் அந்த டெஸ்டர் குஷி எட்டிப் பார்த்திருக்க வேண்டும். எனக்கே கேட்டது. கேட்டும் நிறுத்தவில்லை.

"என் அம்மா இதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள்" என்றார். "என் கல்யாணத்துக்கு முந்தின நாள். காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னாள். யாரிடமும் சொல்லாதே என்றாள். என் கணவரிடம் நான் சொன்னதில்லை. அவர் போய்ப் பதினோரு வருடமாகிறது. என் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. நீங்கள் இதைத் தெருவில் மாட்டப் போகிறீர்கள்."

இது வெட்கப்படுகிற விஷயமே இல்லை என்றேன். சொல்லிவிட்டு, அத்தோடு நிற்க முடியாமல், அந்த இல்லாத தம்பதியை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையும் சொன்னேன். என் மனைவி எனக்கு யார் என்று சொன்னேன். எட்டுப் பெட்டித் தாளைச் சொன்னேன். இந்த நாட்டில் ஓர் அமெரிக்கரிடம் அந்த ஆஸ்பத்திரி அறைக்குப் பிறகு நான் அதைச் சொன்னது அதுதான் முதல் முறை.

அவர் தாளின் மேலிருந்த கையை எடுத்தார். கோபம் போய்விட்டதா இல்லையா என்று தெரியவில்லை.

"உங்கள் மகளுக்கு இப்போது என்ன வயது?"

"பத்தொன்பது. காலேஜில் இருக்கிறாள்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். "வெட்கப்படுகிற விஷயமில்லை என்று சொன்னீர்களே. முதலில் அவளிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எனக்கு போன் செய்யுங்கள். அப்புறம் பார்க்கலாம்." கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். என் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு நான் தப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கு யாரும் இத்தனை சுத்தமாக எழுதிக் கொடுத்ததில்லை.

சனிக்கிழமை மகள் ரயிலில் வந்தாள். துணி துவைப்பதற்கென்றே மாதம் ஒரு முறை வருவாள். காலையில் நான் அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். மனைவி தோசைக் கல்லின் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு விஷயம் தெரியும். தோசையைத் திருப்பிப் போட மறந்துவிட்டு நின்றாள்.

"அம்மாவும் நானும் உனக்கு ஒண்ணு சொல்லல" என்று ஆரம்பித்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் பழ ஆலையிலிருந்து தொடங்கினேன். முதலாளி, தங்கை, தங்கை மகன். மகள் ஸ்பூனால் காபியைக் கலக்கிக்கொண்டே கேட்டாள். கலக்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை, அவள் சர்க்கரை போடுவதில்லை.

"அப்பா" என்றாள் நடுவில். "ஐ நோ."

"என்ன நோ?"

"அம்மச்சியும் உங்க அப்பாவும் பிரதர் சிஸ்டர். ஐ நோ."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னாள், எப்போதும் போல, மளமளவென்று. அந்த ஹோம்வொர்க் கொடுத்த அன்றே, எங்களைக் கேட்பதற்கு முன்னால், அவளாகவே வீடியோ காலில் அம்மச்சியைக் கூப்பிட்டுப் பெயர்களைக் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். என் மாமியார் தன் அப்பா பெயரையும் அம்மா பெயரையும் சொல்லி, அவங்கதான் உங்கப்பாவுக்கும் தாத்தா பாட்டி சாமி என்றும் சொல்லியிருக்கிறார். ஒரே பெயரை இரண்டு முறை எழுதலாமா என்று எங்களிடம் கேட்கத்தான் தாளோடு வந்திருக்கிறாள். வந்தபோது நாங்கள் சமையலறையில் குசுகுசுத்துக்கொண்டிருந்தோம். பிறகு வேறு பெயர் சொன்னோம்.

"நீங்க ரெண்டு பேரும் சொன்னதத்தான் எழுதினேன்" என்றாள், இதை மட்டும் தமிழில். "ஏதோ பேட் திங்குனு நினைச்சேன்."

ஹைஸ்கூல் பயாலஜி வகுப்பில் வம்சப் படம் நடத்தியபோது, சொந்தத்துக்குள் கல்யாணம் என்று காட்டும் அந்த இரட்டைக் கோடு வந்ததும் யாரோ ஒரு பையன் ஏதோ சொல்லி வகுப்பே சிரித்ததாம். அவளும் சிரித்தாளாம். சிரிக்காமல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்து, மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தாளாம். ஏன் கண்ணு எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டாள் என் மனைவி. கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது.

"நீங்க ஹர்ட் ஆவீங்கன்னு" என்றாள் மகள்.

நாங்கள் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்த பத்து வருடமும் அவள்தான் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு மகள், அந்தத் தாளுக்கு ஏ ப்ளஸ் கொடுத்தார்கள் என்று ஞாபகப்படுத்தினாள். அந்த நிலைமையிலும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மதியம் அந்த அம்மாவுக்கு போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லிவிட்டீர்களா?"

"சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒன்பது வயதிலிருந்தே தெரியுமாம். எங்கள் மனசு கஷ்டப்படும் என்று அவள்தான் மறைத்திருக்கிறாள்."

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். ஹலோ என்றேன்.

"இருக்கிறேன்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அந்தப் புத்தகம் அச்சாகி வந்த வருடம். மூத்தவனுக்குப் பத்து வயது. நான் இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன். அவன் அந்த வரைபடப் பக்கத்தைத் திறந்தபடி கொண்டுவந்து என் பக்கத்தில் நின்றான். ஒன்றும் கேட்கவில்லை. நின்றான். கையைக் கழுவிக்கொண்டு வா என்றேன். புத்தகத்தை மூடிவிட்டுப் போய்க் கழுவிக்கொண்டு வந்தான். அவனுக்கு இப்போது அறுபத்து மூன்று வயதாகிறது."

நல்லவேளை, எதுவும் சொல்லவில்லை.

"வாக்கியம் அப்படியே இருக்கட்டும்" என்றார். "வியாழக்கிழமை கையெழுத்துப் போடுகிறேன். இப்போது போனை வையுங்கள், நான் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூப்பிட வேண்டும்."